குற்றவாளி கார்புரேட்டர்தானா?

ஓடும்போது ராஜா, நின்றால் நோயாளி. சித்தூர் - திருப்பதி சாலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன வியாதி இது. மருந்து சொல்பவர்கள் பலர். நோயைத் தேடுபவர்கள் சிலர்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். நாற்பது வயதான பிரீமியர் பத்மினிக்கோ அம்பாசிடருக்கோகூட இது பெரிய தூரமல்ல. சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வரை குறை தெரியாது. காணிப்பாக்கம் திருப்பத்தில், சந்திரகிரி நெரிசலில், திருப்பதி நகர எல்லையின் சிக்னலில் கால் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன்தான் கதை ஆரம்பமாகிறது. எஞ்சின் நடுங்குகிறது. கியர் கம்பி ஆடுகிறது. கண்ணாடிகள் கடகடக்கின்றன. பின்னால் புகைக்குழாய் சீராக மூச்சு விடாமல் விட்டு விட்டு இருமுகிறது. வண்டி அணைந்துவிடக் கூடாதே என்று ஓட்டுபவர் ஒரு காலால் பிரேக்கையும் மறு காலால் ரேஸையும் மிதித்தபடி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நடுக்கத்தோடு சேர்ந்தே வருகிறது செலவு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி எட்டுக்கு இறங்கினால், போக வர 140 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் போதுமாக இருந்த இடத்தில் பதினேழரை லிட்டர் ஆகிறது. லிட்டர் விலை 100 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் ஒரே பயணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் காற்றோடு போகிறது.

அடுத்து நடப்பதும் ஊரறிந்த விஷயம். வண்டி பட்டறைக்குப் போகிறது. கார்புரேட்டர் கழற்றப்படுகிறது. ஜெட்டுகளைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, புது பேக்கிங் போட்டு மாட்டுகிறார்கள். இரண்டு ஸ்க்ரூக்களை அரைத் திருகு இப்படியும் அப்படியும் திருப்பியதும் வண்டி சமர்த்தாக நிற்கிறது. நான்கு நாள் கழித்து மறுபடி நடுக்கம். மூன்றாவது முறை போகும்போது, இந்தக் கார்புரேட்டரே சரியில்லை, மாருதியின் கார்புரேட்டரை மாட்டிவிடலாம் என்ற யோசனை வருகிறது. அதற்கு ஒரு தகடு, அந்தத் தகட்டுக்கு ஒரு பேக்கிங், அதில் ஒரு புதுக் கசிவு. பத்தாயிரம் செலவான பிறகும் நோய் அங்கேயே இருக்கிறது.

காரணம் எளிது. இந்த வழக்கில் கார்புரேட்டர் பெரும்பாலும் குற்றவாளி அல்ல; சம்பவ இடத்தில் கண்ணில் பட்ட ஆசாமி. பெட்ரோல் அதன் வழியாகப் போகிறது, அதில் திருகுவதற்கு ஸ்க்ரூ இருக்கிறது. சந்தேகப்பட இந்த இரண்டு காரணங்கள் போதுமாக இருக்கின்றன. உண்மையில் அதை விசாரிக்க வேண்டியது கடைசியில்.

சித்தூருக்கு இந்தக் கார்களோடு நெடுநாள் உறவு உண்டு. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பழைய தேசிய நெடுஞ்சாலை ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர், கோலார் வழியாகத்தான் சென்றது. சித்தூரைத் தாண்டியதும் மொகிலி கணவாய் ஏற்றம். எஞ்சினில் குறை இருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். உதிரி பாகங்களுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தயாரித்தவை. ஸ்பார்க் பிளக் பெங்களூரின் மைக்கோ. இரண்டு ஊர்களுக்கும் இடையில், தமிழும் தெலுங்கும் சரளமாகப் புழங்கும் பட்டறைகள்.

அந்த வசதி இன்று இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1971-லேயே நின்றுபோனது. பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டையொட்டி முடிந்தது. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நிறுத்தப்பட்டது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சிக்கு 2023 அக்டோபரில் விடை கொடுத்தார்கள். ஒரிஜினல் பாகம் அரிதாகிவிட்ட நிலையில், தேவையில்லாமல் ஒன்றைக் கழற்றி எறிவது முன்னைவிடப் பெரிய தவறு.

முதலில் கணக்கு

வண்டி நிறையக் குடிக்கிறது என்பது ஒரு புகார்தான், அளவு அல்ல. பெட்ரோல் முள்ளை நம்பிக் கணக்குப் போடுவதால் பயனில்லை. டாங்க் நிறைய நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிறைய நிரப்பிப் பார்ப்பதுதான் கணக்கு. அதிலும் சித்தூர் திருப்பதியைவிட மேட்டில் இருப்பதால் போகும் வழியை மட்டும் அளந்தால் வண்டிக்குச் சாதகமாகவும், திரும்பும் வழியை மட்டும் அளந்தால் பாதகமாகவும் பொய்க் கணக்கு வரும். போக வர இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

மலைப்பாதையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-லும், இரண்டாவது 1974-லும் போடப்பட்டன. திருப்பதியிலிருந்து திருமலை ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். காரும் நான்கு பேரும் சாமான்களும் சேர்ந்து 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க ஒன்பது மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் பழைய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. ஆக, வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் மலையேற மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடுதலாகச் செலவாகும். இது நோயல்ல, இயற்பியல்.

மலை மேல் வண்டி கொஞ்சம் கரடுமுரடாக நிற்பதிலும் ஓரளவு நியாயம் உண்டு. திருமலையில் காற்றின் அடர்த்தி திருப்பதியைவிட ஆறேழு சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே விட்ட பெட்ரோலையே கிட்டத்தட்ட மேலேயும் விடும். கலவை சற்றுக் கனமாகும். மலை மேல் மட்டும் லேசாகத் தடுமாறி, கீழே இறங்கியதும் சரியாகிவிடும் வண்டியில் யாரும் ஸ்க்ரூவில் கை வைக்கக் கூடாது. கீழேயும் தடுமாறும் வண்டிக்குத்தான் வைத்தியம் தேவை.

நால்வரில் சோம்பேறி யார்?

வைத்தியத்தின் முதல் கேள்வி: நான்கு சிலிண்டர்களும் வேலை செய்கின்றனவா? எஞ்சின் ஓடும்போதே, ரப்பர் பிடி போட்ட கொறடால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டிப் பார்ப்பது பழைய முறை. வேலை செய்யும் சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். எடுத்தும் மாற்றமே இல்லையென்றால் சோம்பேறி அங்கே இருக்கிறான். அந்தச் சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல் எரியாமலேயே புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. நடுக்கமும் வீண்செலவும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அடுத்தது கம்ப்ரஷன். பிளக்குகளைக் கழற்றி, கேஜ் வைத்து, செல்ஃப் அடித்துப் பார்த்தால் நான்கு எண்கள் கிடைக்கும். எண்கள் எவ்வளவு பெரியவை என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால், அதற்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு மூடவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் குறைந்தால் ஹெட் பேக்கிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட எஞ்சினில் கார்புரேட்டரை ஆயிரம் முறை கழுவினாலும் பயனில்லை.

வால்வு மூடாமல் போக எளிய காரணம் ஒன்று உண்டு: டப்பெட். சத்தம் போடும் டப்பெட்டைப் பலருக்குப் பிடிக்காது. சத்தம் அடங்கும் வரை இறுக்கச் சொல்வார்கள். இறுக்கிய டப்பெட்டில் எஞ்சின் சூடேறியதும் வால்வு முழுவதுமாக மூடாது. வண்டி காலையில் சமர்த்தாகவும் மத்தியானம் நோயாளியாகவும் இருக்கும். சத்தமிடும் டப்பெட் குறை என்றால், சத்தமே இல்லாத டப்பெட் பெருங்குறை. கையேட்டில் சொன்ன இடைவெளியை ஃபில்லர் கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு மணி நேரம் மட்டுமே.

பொறி தட்டாமல் எரியுமா?

கம்ப்ரஷன் சரியாக இருந்தால் அடுத்து பொறி. கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் பழைய கார்களில் பலவற்றின் உண்மையான வியாதி டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். இந்தச் சிறிய எண்களில்தான் ஐடில் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. பாயிண்ட்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் அதைத் தேய்த்து மாட்டுவதோடு விடக் கூடாது. கண்டன்சர் பழுதானாலும் பாயிண்ட் கருகும். டூப்ளிகேட் கண்டன்சர் மாட்டிய வண்டியில் இந்த நாடகம் மாதா மாதம் நடக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டையும் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், ஒரு சிலிண்டருக்கு ஒரு இடைவெளியும் இன்னொன்றுக்கு வேறு இடைவெளியும் கிடைக்கும். எத்தனை முறை பாயிண்ட் மாற்றினாலும் சீரான ஐடில் வராது.

பிறகு டைமிங். பொறி தாமதமாக வந்தால் எஞ்சின் சோம்பும். சோம்பலை மறைக்க யாராவது ஐடில் ஸ்க்ரூவைத் திருகி த்ராட்டிலைத் திறந்து வைப்பார்கள். சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் த்ராட்டில் அளவுக்கு மேல் திறந்துவிட்டால், ஐடிலுக்கென்று இருக்கும் தனிப் பாதை தன் கட்டுப்பாட்டை இழந்துவிடும். கலவை ஸ்க்ரூவை முழுக்கத் திருகினாலும் எஞ்சினின் குரல் மாறவில்லை என்றால், கார்புரேட்டர் வேறொருவரின் குற்றத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பகால அம்பாசிடர்களில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரின் அமைப்பு வேறு. அதில் இந்தச் சோதனை பொருந்தாது.

பலரும் தொடாத இன்னொரு இடம், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டு வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்வம் அட்வான்ஸ். சீராக ஓடும்போது பொறியை முன்கூட்டியே வரவைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்துவது இதன் வேலை. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டால் அந்த மிச்சம் போய்விடும். குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினால், உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. செலவில்லாத சோதனை இது.

திருட்டுக் காற்று

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் காற்று கார்புரேட்டரின் வாய் வழியாக வந்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும். மேனிஃபோல்டு பேக்கிங், கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த தட்டு, வெடித்த ரப்பர் குழாய், தேய்ந்த த்ராட்டில் தண்டு ஆகியவற்றின் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் ஐடில் குலையும். வேகத்தில் போகும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றில் இந்தத் திருட்டுக் காற்று சொற்பம் என்பதால் குறை தெரியாது. ஓடும்போது ராஜாவாகவும் நின்றால் நோயாளியாகவும் இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

காற்று அதிகமானால் பெட்ரோல் மிச்சமாக வேண்டாமா என்று கேட்கலாம். ஆகாது. கலவை மெலிந்து ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் பெட்ரோல் முழுதும் வீண். நடுக்கத்தை அடக்க ஸ்க்ரூவைத் திறந்து கலவையைக் கனமாக்கினால் மற்ற மூன்று சிலிண்டர்களும் அளவுக்கு மேல் குடிக்கும். சந்தேகப்படும் இணைப்புகளில் கொஞ்சம் ஆயில் தடவிப் பார்த்தால், கசிவு இருக்கும் இடத்தில் எஞ்சினின் குரல் சட்டென்று மாறும். ஒரு வாக்வம் கேஜ் இருந்தால் இன்னும் தெளிவு. கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் ஆரோக்கியமான எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் ஆடாமல் நிற்கும். முள் தாளம் தப்பாமல் விழுந்து எழுந்தால் வால்வைப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் கார்புரேட்டரின் முறை. அப்போதும் ஜெட்டுக்கு முன் ஃப்ளோட். ஊசி வால்வு தேய்ந்தாலோ, பித்தளை ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்தாலோ, தொட்டி நிரம்பி வழிந்து எஞ்சின் மூழ்கும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலக்கும் பெட்ரோல் உண்மையைச் சொல்லிவிடும். சோக் முழுதாகத் திறக்கிறதா, யாராவது பெரிய ஜெட்டை மாட்டி வைத்திருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று பலர் கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டும் இந்தப் பட்டியலில் உண்டு. அது இல்லாத எஞ்சின் சூடேறத் தாமதமாகும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாது.

புகை சொல்லும் சாட்சி

பழைய கார்க்காரர்கள் அபராதத்துக்குப் பயந்து எடுக்கும் மாசுச் சான்றிதழ் உண்மையில் ஒரு மலிவான ரத்தப் பரிசோதனை. பெட்ரோல் கார்களுக்கு அந்தச் சோதனை ஐடிலில்தான் நடக்கிறது. 2000-க்கு முந்தைய கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு மூன்று சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்கு என்பது வரம்பு. தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் கலவை கனம். ஃப்ளோட், சோக், ஜெட் பக்கம் போகலாம். கார்பன் மோனாக்சைடு குறைவாகவும் ஹைட்ரோகார்பன் மிக அதிகமாகவும் இருந்தால் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. பொறி, வால்வு, திருட்டுக் காற்று ஆகியவற்றைத் தேட வேண்டும். எந்தப் பக்கம் போவது என்று சொல்லும் இந்தச் சாட்சியைப் பட்டறையில் பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. 2000-ல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நகரக் காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் ஈயத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட வால்வு இருக்கைகள் கடுமையான ஓட்டத்தில் மெல்லத் தேய்கின்றன. வால்வு உள்ளே இறங்கி டப்பெட் இடைவெளி தானாகக் குறைகிறது. இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றாத வண்டிகளில் டப்பெட்டை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்த மாற்றம் எத்தனால். 2025-ல் நாட்டின் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கு எட்டப்பட்டது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனாலுக்காக வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வாகனங்களில் சிக்கனம் ஆறேழு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. கலவை மெலிவதால் ஐடில் தடுமாறலாம். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வும் ஊறி இளகலாம். டாங்க்கில் பல வருடமாகப் படிந்த கசடு கரைந்து ஜெட்டை அடைக்கலாம். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். இருந்தாலும் 12 கிலோமீட்டர் எட்டாகக் குறைந்ததற்கு எத்தனாலைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் பங்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மீதியை எஞ்சினில்தான் தேட வேண்டும்.

இந்தத் தேடலில் பணம் மட்டுமல்ல, வண்டியின் உயிரே இருக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் காப்பாற்றப்பட்ட வண்டியை 2021-ல் வந்த விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதிவோடு அதை அன்றாடம் ஓட்ட முடியாது. இடைப்பட்ட வயதில், அப்பா வாங்கிய பத்மினியை வீட்டில் வைத்திருப்பவர், கட்டணமும் பெட்ரோலும் பட்டறைச் செலவும் சேர்ந்து அழுத்தும்போது ஒருநாள் காயலான் கடைக்குப் போன் செய்துவிடுகிறார். அன்று வண்டியோடு போவது பெரும்பாலும் நல்ல எஞ்சின். கெட்டுப்போனது ஒரு கண்டன்சராகவோ ஒரு பேக்கிங்காகவோ இருந்திருக்கலாம்.

கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கும் தலைமுறை பட்டறைகளுக்கு வந்துவிட்டது. பத்மினியில் செருக இடமில்லை. அதற்குத் தேவை ஒரு ஃபில்லர் கேஜ், ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு நல்ல காது, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வரிசை. ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்து வைக்கும் பொறுமை. கார்புரேட்டரின் ஸ்க்ரூ எங்கும் ஓடிவிடாது. கடைசியாக அதைத் தொடுபவர்தான் ஒரே முறையில் வேலையை முடிக்கிறார்.

பெட்டிச் செய்தி: பட்டறைக்குப் போகும் முன்

* டாங்க் நிறைய நிரப்பி, சமவெளிச் சாலையில் போக வர ஓட்டி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் அளக்க வேண்டாம்.

* நடுக்கம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா, எப்போதுமா? மெக்கானிக்குக்குப் பாதி வேலை இதில் முடிந்துவிடும்.

* பிளக்குகளைக் கழற்றினால் எது எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். காய்ந்த கரி என்றால் கலவை கனம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் கசிகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் கோளாறு அந்தச் சிலிண்டரில்.

* வண்டியைத் தட்டையான இடத்தில் கையால் தள்ளிப் பாருங்கள். நகர மறுத்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் செலவுக்கு எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம்.

* சோதனை வரிசை: கம்ப்ரஷன், டப்பெட், பொறி, டைமிங், காற்றுக் கசிவு, கடைசியில் கார்புரேட்டர்.

* பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் கசிவை அடையுங்கள். அதுவரை பொறிச் சோதனை எதுவும் கூடாது.

* திருமலைக்குப் பழைய வண்டியில் போவதாக இருந்தால், எந்த வயது வண்டிக்கு அனுமதி என்பதைப் புறப்படும் முன் தேவஸ்தானத்திடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.